செவிக்கு வந்த நாவல்: கொச்சி வட்டாரத்தில் காதல்கதை மறுசொல்லல் பற்றிய ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

கொச்சி வைட்டிலாவின் மொபிலிட்டி ஹப் 2011இல் திறந்தது. 2019இல் மெட்ரோ ரயில் அங்கே வந்து சேர்ந்தது. 2023இல் காக்கநாட்டுக்குப் படகு மெட்ரோ கிளம்பியது. பேருந்து, ரயில், படகு மூன்றுக்கும் காத்திருக்கும் கூட்டத்தில் காதில் இயர்போன் இல்லாதவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் பாட்டு, அதற்கடுத்து செய்தியும் கிரிக்கெட்டும். கதை கேட்பவர்களும் உண்டு. அந்தக் கடைசி வகையினரின் இன்பத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கைபேசியைவிட அது மிகப் பழையது.

இங்கே ‘மறுசொல்லல்’ என்பது, பெயர்பெற்ற ஒரு நாவலையோ நாடகத்தையோ காவியத்தையோ காதலை முன்னே வைத்து, சுருக்கி, இன்னொருவர் தம் குரலில், கேட்பதற்கென்றே சொல்வது. ஒரு நூலை வரிக்குவரி வாசித்துப் பதிவுசெய்யும் முழுவாசிப்பு இதில் சேராது. திரைப்படத் தழுவலும் சேராது, அது கண்ணுக்கானது.

இக்கட்டுரையின் கருத்து இதுதான். காதல், கேட்பவரை உட்காரவைக்கிறது. ஆனால் கதை முடிந்தபிறகும் மனத்தில் நிற்பது, சொன்னவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதே. கொச்சியையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்து வளர்ந்த மரபு இந்தப் பக்கச்சார்பை ஒரு கலையாகவே ஆக்கி வைத்திருந்தது. இன்றைய செயலிகள் காதலை எடுத்துக்கொண்டு பக்கச்சார்பைக் கைவிட்டுவிட்டன.

2. முன்மரபு: தமிழில் பாடிய பிரெஞ்சு வீரர்கள்

வைட்டிலாவிலிருந்து கிழக்கே திருப்பூணித்துறை. அதைத் தாண்டினால் உதயம்பேரூர். 1599இல் போர்த்துகீசியப் பேராயர் கூட்டிய திருச்சபை மாமன்றம் நடந்த ஊர் அது. பழைய சடங்குகளும் ஆட்டங்களும் பலவாறு தடைபட்ட அந்தக் காலச் சூழலில், கடற்கரைக் கிறிஸ்தவர்களிடம் சவிட்டு நாடகம் என்ற கலை உருவானதாக ஆய்வாளர் கருதுகின்றனர். பலகை பாவிய மேடை. காலால் ஓங்கி மிதிக்கும் ஆட்டம். ஆடுபவரே பாட்டும் பாடுவார். கோதுருத்து, வைப்பின், ஃபோர்ட் கொச்சிப் பகுதிகளில் இன்றும் அது உயிரோடு இருக்கிறது.

தமிழ் வாசகர் கவனிக்கவேண்டிய செய்தி: இதன் முதன்மையான நாடகமான ‘காறல்மான் சரிதம்’ சார்லமேன் பேரரசனையும் அவனுடைய பன்னிரு வீரர்களையும் பற்றியது. பாட்டின் மொழி பெரும்பகுதி தமிழ். ஆசிரியராகச் சொல்லப்படும் சின்னத்தம்பி அண்ணாவி தமிழர். ஆடுபவர்கள் பாட்டு எழுதிவைத்திருக்கும் ஏட்டுக்குச் சுவடி என்றே பெயர். பல சுவடிகளில் தமிழ்ப் பாட்டு மலையாள எழுத்தில் இருக்கும். ஐரோப்பாவின் புகழ்பெற்ற வீரகாதைத் தொகுதி ஒன்று மலையாள நாட்டுக் கரையில், தமிழில், கேட்டுக் கேட்டே பரம்பரையாகப் பரவியிருக்கிறது. நம்முடைய மொழிபெயர்ப்பு வரலாறுகள் இதைப் பேசுவதே இல்லை. அச்சில் வராததை மொழிபெயர்ப்பாகக் கருதும் பழக்கம் நமக்கு இல்லை போலும்.

இதே வீரர்களைப் பற்றி இத்தாலியில் அரியோஸ்தோ 1516இல் வெளியிட்ட காவியத்தில், மாவீரன் ஒருவன் காதலால் பித்தனாகிறான். கொச்சி மேடையிலோ முன்னே நிற்பவை போரும் மதமும்தான். இதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பாட்டின் தமிழ், கேட்ட மலையாளிகளுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். போரைப் புரிந்துகொள்ள மிதியின் ஓசை போதும். ஒரு பெண் ஏன் ஒருவனை விரும்பினாள், ஏன் விட்டாள் என்பதற்குச் சொல் புரிய வேண்டும். காதல்கதை செவிவழி வேரூன்ற அன்றாட மொழியில் பேசும் ஒரு குரல் தேவைப்பட்டது. அதற்கு இந்த ஊர் 1924 வரை காத்திருந்தது.

3. கதாபிரசங்கம்

3.1 தோற்றம்

தஞ்சையில் மராட்டியக் கீர்த்தனத்தைத் தமிழோடு கலந்து கதாகாலட்சேபத்துக்கு உருக்கொடுத்தவர் கிருஷ்ண பாகவதர். அந்த ஹரிகதை வடிவம் மலையாள நாட்டுக்கும் சென்றது. அங்கே அதன் பொருளை அடியோடு மாற்றியவர் சி. ஏ. சத்தியதேவன். கொச்சிக்கு வடக்கே உள்ள பறவூர் வட்டாரத்தில் 1924இல் அவர் தொடங்கியதே கதாபிரசங்கம் என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. 2024இல் கேரளம் அதன் நூற்றாண்டைக் கொண்டாடியது. அவர் எடுத்த கதை புராணக் கதையன்று; குமாரன் ஆசானின் ‘சண்டாளபிட்சுகி’ காவியம். தாகத்துக்குத் தண்ணீர் கேட்ட புத்தபிக்கு மேல் காதல் கொண்ட ஒரு தாழ்த்தப்பட்ட பெண்ணின் கதை அது. ஆசான் அதே 1924 ஜனவரியில் பல்லனையாற்றுப் படகு விபத்தில் இறந்துபோனார். நாராயண குருவின் சீர்திருத்த இயக்கம் ஊரூராகப் பரவிக்கொண்டிருந்த காலம். ஆகவே இந்தக் கலை பிறக்கும்போதே அதன் ஒரு கையில் காதலும் மறுகையில் சாதிக்கு எதிரான வழக்கும் இருந்தன.

வடிவம் எளியது. ஆர்மோனியம், தபேலா, தாளம் வைத்துச் சிலர் பின்னே அமர்வார்கள். கதை சொல்பவர் காதிகன். கையில் சிப்ளாக்கட்டையோடு முன்னே நிற்பார். இரண்டு, மூன்று மணி நேரம். கோயில் திருவிழா, வாசகசாலை ஆண்டுவிழா, தொழிற்சங்க மாநாடு என்று எதுவும் அதற்கு மேடைதான்.

காதிகனுக்குக் குரல்கள் மூன்று. ஒன்றில் கதை நடக்கும். பாத்திரங்கள் எல்லோரும் அவரே. இரண்டாவது பாட்டு. மூன்றாவது அவருடைய சொந்தக் குரல். கதையை நிறுத்திவிட்டு ஒரு கிளைக்கதை சொல்வார், உள்ளூர் அரசியலைக் குத்துவார், சிரிக்கவைப்பார், ‘இவள் செய்தது சரியா?’ என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்பார். பிறகு விட்ட இடத்துக்குத் திரும்புவார். இந்தக் கட்டுரை சுற்றிவருவது அந்த மூன்றாவது குரலைத்தான்.

3.2 ரமணன்

வைட்டிலாவிலிருந்து பாலாரிவட்டம் வழியாக வடக்கே போனால் இடப்பள்ளி. கவிஞர் சங்ஙம்புழ கிருஷ்ண பிள்ளையின் ஊர். அவருடைய நண்பரும் கவிஞருமான இடப்பள்ளி ராகவன் பிள்ளை 1936இல் காதல் தோல்வியால் தற்கொலை செய்துகொண்டார். அந்தத் துயரிலிருந்து பிறந்தது ‘ரமணன்’. ஏழை இடையன், செல்வர் வீட்டு மகள் சந்திரிகை, அவளுடைய மனமாற்றம், அவனுடைய சாவு. பறவூரை அடுத்த கெடாமங்கலத்தைச் சேர்ந்த சதானந்தன் இதைக் கதாபிரசங்கமாக எடுத்து ஆயிரக்கணக்கான மேடைகளில் சொன்னார்.

கவிதையாகப் படித்தால் ‘ரமணன்’ தூய சோகம். சொல்கதையானபோது சந்திரிகையைப் பற்றி ஊரே தீர்ப்புச் சொல்லும் வழக்காகிவிட்டது. பணத்துக்காக மாறினாளா, பெற்றோருக்குப் பயந்தாளா என்று விவாதிக்க இடம் கிடைத்தது. அவளுக்காகப் பேச அந்தக் கூட்டத்தில் ஆள் இருந்ததா என்பது வேறு கேள்வி. என் வாசிப்பில் மூலமே அவளுக்கு இடம் தரவில்லை.

3.3 அனீஸ்யா

இந்தக் கலையை உலக இலக்கியத்தின் வாசலாக மாற்றியவர் வி. சாம்பசிவன் (1929–1996). கொல்லம் சவறையை அடுத்த தெற்கும்பாகத்தில் பிறந்தவர், ஆசிரியராக இருந்தவர், 1949இல் மேடையேறியவர். ‘ஒதெல்லோ’வைச் சொன்னார். விமல் மித்ராவின் பெரிய வங்க நாவலை ‘இருபதாம் நூற்றாண்டு’ என்ற பெயரில் ஒரு மாலைக்குள் அடக்கினார். எல்லாவற்றுக்கும் மேலாக, 1960களில் அவர் சொல்லத் தொடங்கிய ‘அனீஸ்யா’.

மூலம் டால்ஸ்டாய் 1886இல் எழுதிய ‘இருளின் ஆற்றல்’ என்ற நாடகம். தூலா மாகாணத்தில் நடந்த ஓர் உண்மையான குற்ற வழக்கிலிருந்து எடுத்தது. நோயாளியான பணக்கார விவசாயி பியோத்தர். அவருடைய இளம் இரண்டாம் மனைவி அனீஸ்யா. வீட்டில் வேலைக்கு இருக்கும் அழகன் நிகிதா. அனீஸ்யாவுக்கு நிகிதா மேல் ஆசை. நிகிதாவின் தாய் பொடி கொடுக்கிறாள், கணவன் சாகிறான், பணமும் வீடும் கைமாறுகின்றன. அனீஸ்யாவைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு நிகிதாவின் கண் மூத்தாளின் மகள் அகுலீனா மேல் போகிறது. அவளுக்குப் பிறக்கும் குழந்தையை நிலவறையில் கொல்கிறார்கள். அகுலீனாவின் கல்யாண நாளில் நிகிதா ஊர் முன்னால் மண்டியிட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான்.

இந்த நாடகத்துக்கும் செவிக்கும் முதலிலிருந்தே உறவு உண்டு. ரஷ்ய மேடையில் அது ஏறுவதற்கு முன், 1887இல், ஸ்தாகோவிச் என்பவர் மூன்றாம் அலெக்சாந்தர் சக்கரவர்த்திக்கு அதை உரக்க வாசித்துக் காட்டினார். சக்கரவர்த்திக்குப் பிடித்துப்போனது. பிறகு சமய அதிகாரிகளின் எதிர்ப்பால் தடை வந்தது; பாரிஸில் 1888இல் அரங்கேறிய நாடகம் தாய்நாட்டில் பல ஆண்டுகள் காத்திருந்தது. நான்காம் அங்கத்தின் முடிவை டால்ஸ்டாய் இரண்டு விதமாக எழுதியிருக்கிறார். ஒரு வடிவத்தில் கொலை நடக்கும் இடமே நம் கண்ணில் படாது. குடிசைக்குள் படுத்திருக்கும் சிறுமியும் கிழ வேலைக்காரரும் பேசிக்கொள்வதன் வழியாகவே வெளியே நடப்பது நமக்குத் தெரியவருகிறது. இன்னொன்றில் நிகிதா வெளியே வந்த பிறகும் குழந்தையின் முனகல் அவன் காதைவிட்டுப் போகவில்லை. கண்ணுக்கு எதையும் காட்டாமல் காதால் நடுங்கவைக்கும் வழியை நாடகாசிரியரே திறந்து வைத்திருந்தார். ஒரே ஆளாக நின்று கதை சொல்லும் காதிகனுக்கு இதைவிட வாய்ப்பான மூலம் அமையாது.

டால்ஸ்டாயிடம் மையம் நிகிதா; நாடகம் அவனுடைய வீழ்ச்சியும் பாவமன்னிப்பும். சாம்பசிவன் தலைப்பிலேயே மையத்தை மாற்றிவிட்டார். கதை ஒரு பெண்ணின் பெயரைப் பெற்றது. அவளை ஓர் அழகியாக அறிமுகப்படுத்தும் அந்தப் பாட்டு மூத்த மலையாளிகள் பலருக்கு இன்றும் மனப்பாடம். அறம் பேசும் ரஷ்ய நாடகம், கிழவனுக்கு வாழ்க்கைப்பட்ட ஓர் இளம்பெண்ணின் ஆசைக் கதையாகத் தொடங்குகிறது. இதைத்தான் காதல்வழி மறுசொல்லல் என்கிறேன். மூலத்தைச் சிறிதாக்கிவிட்டாரா? நடுநிசியில் கோயில் மைதானத்து மணலில் துண்டு விரித்து உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேரின் கவனத்தை மூன்று மணி நேரம் பிடித்துவைக்க, பின்தொடர்ந்து போவதற்கு ஒரு மனித உயிர் வேண்டும். பாவம் என்ற கருத்தை யாரும் பின்தொடர்ந்து போகமாட்டார்கள்.

அவர் அந்தப் பெயரை ஓர் ‘அம்மிணி’யாக மாற்றவில்லை என்பதும் முக்கியம். ரஷ்யா ரஷ்யாவாகவே இருந்தது. சொந்தக் குரல்தான் தூலாவையும் சவறையையும் இணைத்தது. கிழட்டுப் பணக்காரன், இளம் மனைவி, கூலியாள், பெட்டியில் பூட்டிய பணம் ஆகிய நான்கும் இருந்தால் இந்தக் கதை கம்பத்திலும் நடக்கும், கடுத்துருத்தியிலும் நடக்கும். கேட்டவர்கள் அனீஸ்யாவின் ஆசையை முதலில் தங்கள் ஆசையாக உணர்ந்தார்கள்; கொலை வந்தபோது பின்வாங்க இடம் இல்லை. டால்ஸ்டாய் அறிவுரையால் செய்ய நினைத்ததைக் காதிகன் உடந்தையாக்குவதன் மூலம் செய்தார் என்பது என் கணிப்பு.

4. சொல்லச் சொல்ல எழுதப்பட்ட நாவல்

மூலநூல்கள் அச்சுக்கே உரியவை, செவிவழிச் சொல்லல் பின்னால் வந்த நகல் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. 1866 அக்டோபரில் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்ததை அவர்கள் நினைத்துப் பார்க்கலாம். ஸ்தெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் தஸ்தயேவ்ஸ்கி சிக்கியிருந்தார். நவம்பர் முதல் தேதிக்குள் புதிய நாவல் தராவிட்டால் ஒன்பது ஆண்டுகளுக்கு அவர் எழுதுவது அனைத்தையும் அந்தப் பதிப்பாளர் காசு தராமல் வெளியிடலாம் என்பது ஒப்பந்தம். சுருக்கெழுத்துப் படித்த 20 வயது அன்னா வேலைக்கு வந்தார். 26 நாளில் ‘சூதாடி’யை அவர் சொல்ல, அன்னா எழுதி முடித்தார். அந்த நாவலின் முதல் இருப்பு ஒரு மனிதரின் குரலில். முதல் வாசகி, கேட்டவர்.

மூலம் பிறந்த இந்தக் கதையைக் காதல்கதையாக, செவிக்கன்றி அச்சில், மறுசொல்லல் செய்தது எறணாகுளம் மாவட்டத்து எழுத்தாளர் ஒருவர். பெரும்படவம் ஸ்ரீதரனின் ‘ஒரு சங்கீர்த்தனம் போலே’ 1993இல் வந்தது, 1996இல் வயலார் விருது பெற்றது, நூறு பதிப்புகளைத் தாண்டி ஓடியது. அந்த 26 நாட்களே அதன் பொருள். எழுதும்போது அவர் பீட்டர்ஸ்பர்க்கைப் பார்த்ததே இல்லை. தஸ்தயேவ்ஸ்கியைப் படிக்காத பல்லாயிரம் மலையாளிகள் அவருடைய காதலை அறிந்திருப்பது இந்த நூலால். கடுமையான விமர்சகர் இதை மென்மையாக்கப்பட்ட தஸ்தயேவ்ஸ்கி என்பார். ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். சூதாட்ட வெறியும் வலிப்பும் கடனும் நூலில் இருந்தாலும் அவற்றின் மேல் ஒரு பொன்நிறம் படர்ந்திருக்கிறது.

ஆனால் அன்னாவின் நினைவுக்குறிப்புகளில் உள்ள ஒரு நிகழ்ச்சி அந்தப் பொன்நிறத்துக்கு ஆதாரம் தருகிறது. வேலை முடிந்த சில நாளில் தஸ்தயேவ்ஸ்கி தாம் எழுதப்போகும் ஒரு புதிய நாவலின் கதையை அன்னாவிடம் சொல்கிறார். நோயும் கடனும் பிடித்த, வயதேறிய ஒரு கலைஞன். அவன் ஓர் இளம்பெண்ணை விரும்புகிறான். அந்தப் பெண் அவனைக் காதலிக்கக்கூடுமா, பெண்மனம் எப்படி என்று யோசனை கேட்கிறார். பிறகு, அந்தக் கலைஞன் நான், அந்தப் பெண் நீ என்று வைத்துக்கொள் என்கிறார். அடுத்த பிப்ரவரியில் கல்யாணம். சொந்த வாழ்க்கையைக் காதல்கதையாக்கி, செவிவழி சொல்லி, நடுவில் கதையை நிறுத்திவிட்டுத் தன் குரலில் பேசுகிறார். காதிகனின் மூன்றாவது குரல் வேறென்ன? கதைக்குள் சொல்பவர் நிற்கிறார் என்று கேட்பவருக்குத் தெரிவதில்தான் இன்பமும் பதைப்பும் இருக்கின்றன. அன்னாவுக்குத் தெரிந்திருந்தது.

5. ஒலிநாடாவும் செயலியும்

1980களில் கதாபிரசங்கம் ஒலிநாடாவுக்கு வந்தது. திருவிழாவுக்குப் போக முடியாதவர்கள், குறிப்பாக இரவில் மைதானத்துக்கு அனுப்பப்படாத பெண்கள், வளைகுடாவில் இருந்தவர்கள் வீட்டில் கேட்டார்கள். இழப்பும் இருந்தது: பக்கத்தில் இருப்பவரின் சிரிப்பு, கூட்டத்தின் பெருமூச்சு, காதிகன் அன்றைய ஊருக்கேற்ப மாற்றும் கிளைக்கதை. ஆதாயம், பிடித்த பாட்டைத் திருப்பிப் போடலாம். கோட்டயத்தைச் சேர்ந்த வி. டி. ராஜப்பன் விலங்குகளைக் காதலர்களாக்கி இந்தக் கலையையே கேலிசெய்து வெளியிட்ட ஒலிநாடாக்கள் பெரும் விற்பனை கண்டன. ஒரு வடிவம் எவ்வளவு ஊறிப்போயிருக்கிறது என்பதற்கு அதன் கேலி வடிவம் விற்பதைவிட நல்ல சான்று கிடையாது.

சுவீடனின் ஸ்டோரிடெல் 2017இலும் ஆடிபிள் 2018இலும் இந்தியாவுக்கு வந்தன. குக்கூ எஃப்எம், பாக்கெட் எஃப்எம் போன்ற உள்நாட்டுச் செயலிகளும் 2018 வாக்கில் தொடங்கித் தமிழ், மலையாளம் உட்படப் பல மொழிகளில் பரவின. தொடர்கதைச் செயலிகளில் காதலே பெரும்பண்டம். திமிர்பிடித்த பணக்காரன், வளையாத பெண், தவறான முதல் எண்ணம், மெல்லக் கரையும் கர்வம் என்ற அமைப்பு எத்தனை தொடர்களில் ஓடுகிறது! ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ பெயர் சொல்லப்படாமல் வேலைசெய்துகொண்டிருக்கிறது.

இங்கே கணக்கு தலைகீழாகிறது. காதிகன் ஐந்தங்க நாடகத்தை ஒரு மாலைக்குச் சுருக்கினார். அவருக்குக் கூலி நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று. தொடர்ச்செயலியோ அத்தியாயம் அத்தியாயமாகப் பணம் பார்க்கிறது. ஆகவே கல்யாணம் ஒத்திப்போடப்படுகிறது, கடிதம் தொலைகிறது, நினைவு மறக்கிறது. வைட்டிலாவிலிருந்து காக்கநாட்டுப் படகுப் பயணத்துக்குள் முடியும் அளவில் ஒவ்வொரு பகுதியும். இதில் இன்பமே இல்லை என்று சொன்னால் அது பொய். வேலைக்குப் போய் நின்று களைத்தவருக்கு ஒருவர் காதோரமாகக் கதை சொல்வது சிறிய சுகம் அன்று. குறை வேறு இடத்தில்: அந்தக் குரலுக்குச் சொந்தக் கருத்தே கிடையாது. கதாநாயகன் கதவைப் பூட்டி அவளைத் தடுத்தாலும் குரல் அதே தேனில் ஓடும். ‘இது சரியா?’ என்று யாரும் கதையை நிறுத்திக் கேட்பதில்லை.

தமிழில் இரு வழிகள் தெரிகின்றன. பாம்பே கண்ணன் கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னைப் பல நடிகர்களின் குரலில் ஒலிநூலாக்கினார். அது வானொலி நாடகத்தின் வாரிசு. சொல்பவர் ஒளிந்துகொள்ள, பாத்திரங்கள் பேசும். திருவண்ணாமலை பவா செல்லதுரை பிறர் எழுதிய கதைகளையும் நாவல்களையும் புத்தகம் பார்க்காமல் தம் சொற்களில் சொல்கிறார். அந்தப் பதிவுகள் யூடியூபில் பரவலாகக் கேட்கப்படுகின்றன. ஆர்மோனியம் இல்லை, சிப்ளாக்கட்டை இல்லை. ஆனால் ஓர் இடத்தில் நின்று, தமக்குத் தெரிந்த ஒருவரை நினைவுகூர்ந்து, மறுபடி கதைக்குள் போகும் அந்த வழி பறவூர் வழிதான். முதல் வகை நூலுக்கு நெருக்கம், இரண்டாம் வகை கேட்பவருக்கு நெருக்கம். காதல்கதைக்கு நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன். வந்தியத்தேவனும் குந்தவையும் நேரில் பேசிக்கொள்வதைக் கேட்பதைவிட, அவர்களைப் பற்றி ஒருவர் வம்பளப்பதைக் கேட்பதில் எனக்குச் சுவை அதிகம்.

6. மூலத்துக்கு உண்மையாய் இருத்தல்

எஞ்சியிருப்பது பழைய குற்றச்சாட்டு: மறுசொல்லல் மூலத்துக்குத் துரோகம். ‘அனீஸ்யா’ டால்ஸ்டாயுடையது ஆகாது, ‘சங்கீர்த்தனம்’ தஸ்தயேவ்ஸ்கி ஆகாது, செயலித் தொடர் ஆஸ்டின் ஆகவே ஆகாது.

டால்ஸ்டாயின் சொந்தப் பழக்கம் இதற்குச் சரியான பதில் தருகிறது. 1884இல் தம் சீடர் செர்த்கோவோடு சேர்ந்து ‘பஸ்ரேத்னிக்’ என்ற பதிப்பகத்தை அவர் தொடங்கியது குடியானவர்களின் கைக்குச் சில காசுக்கு நல்ல கதைகள் போகவேண்டும் என்பதற்காக. தம் கதைகளோடு பிறர் கதைகளையும் எளிமையாக்கி வெளியிடவைத்தார். கடற்கரை விடுதியில் மாலுமி ஒருவன் தன் தங்கை என்று அறியாமல் ஒருத்தியோடு இரவைக் கழிக்கும் மாப்பசானின் கதையை எடுத்து, தலைப்பை மாற்றி, அந்தப் பெண்ணின் பெயரையே வைத்து, ‘பிரான்சுவாஸ்’ என்று வெளியிட்டார். துறைமுகத்தைத் தலைப்பாகக் கொண்டிருந்த கதை ஒரு பெண்ணின் கதையாயிற்று. விக்தோர் ஹியூகோவின் கவிதை ஒன்றை உரைநடைக் கதையாக மாற்றினார். மூலத்தைத் தொடலாமா என்று அவர் யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் பக்கம் நின்று சொல்லவேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். எழுபதாண்டு கழித்து சவறைக்காரர் ஒருவர் ‘இருளின் ஆற்ற’லுக்கு அனீஸ்யாவின் பெயரைச் சூட்டியபோது செய்ததும் அதேதான்.